சைரனுக்கு வந்த மீன்கள்

ஓசூர்ப் பக்கம் வந்து 'நர்சரி' என்று ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முதலில் உங்கள் கையைப் பார்ப்பார். கையில் குழந்தை இருந்தால் எல்.கே.ஜி. சேர்க்கும் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்வார். குழந்தை இல்லையென்றால் பாகலூர் ரோட்டில் ரோஜாச் செடி விற்கும் இடத்துக்கு வழி சொல்வார். மீனுக்கும் நர்சரி உண்டு என்று நீங்கள் சொன்னால் மட்டும், பாவம், வெயிலில் வந்திருக்கிறார் என்று ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்.

இது லிபியாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் தூத்துக்குடிக்காரி. மீனைப் படிப்பதற்கென்றே காலேஜ் இருக்கிற ஊர் அது. அங்கே அவள் படித்தது சாதாரணப் படிப்பு அல்ல, கொடுவா மீனின் குஞ்சைப் பற்றி. அதுவும் அந்தக் குஞ்சு வழி கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டும்.

முட்டை கடலில் பொரியும். பொரிந்து வந்த குஞ்சுக்கு வாய்கூடத் திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே சோறு. நீரோட்டம் தள்ளிய பக்கம் போய்க்கொண்டிருக்கும். பிறகு கண் தெளியும், காதுக்குள் மணல் பருக்கை போல ஒரு கல் வளரும், மூக்கு வேலை செய்யத் தொடங்கும். உடனே அதற்கு ஊர் ஞாபகம் வந்துவிடும், அதுவும் பார்த்தே இராத ஊர். கழிமுகத்துச் சேற்றின் வாசனை, அலையாத்தி வேர்களுக்குள் இறால் சொடுக்குப் போடும் சத்தம், இவற்றைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துப் புறப்படும். கடல் ஏற்றம் வந்தால் மேலே வந்து தண்ணீரோடு உள்ளே போகும். வற்றம் வந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் திரும்பக் கடலுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அதற்குத் தெரியும். நகக்கண் அளவு உடம்பை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்யும். நம் ஆட்களுக்குக் கையில் போன் இருந்தும் அத்திப்பள்ளி பாலத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிவதில்லை.

இந்த அறிவுக்குத் தூத்துக்குடியில் சம்பளம் கொடுக்க யாரும் வரவில்லை. கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வெஸ்லினுக்கு ஓசூரில் ஒரு பெரிய பைக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் பின்னால் லிபியாவும் வந்தாள். சூளகிரி தாண்டிப் புதிதாக வந்திருக்கும் தொழிற்பேட்டையில், பிரேக் ஷூ செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொல்லி அவர்களுக்கு இன்னொரு விளம்பரப் போர்டாக நான் இருக்க மாட்டேன்.

பிரேக் கம்பெனிக்கு மீன் படித்தவள் எதற்கு என்று கேட்பீர்கள். காம்பவுண்டுக்குப் பின்னால் சின்னேரி இருந்தது. தெலுங்குக்காரர்கள் சின்ன செருவு என்பார்கள். லாபம் வந்தால் கொஞ்சம் ஊருக்குச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதல்லவா, அந்தக் கணக்கில் கம்பெனி சின்னேரியைத் தத்து எடுத்தது. எடுத்த கையோடு தூர் வாரி, சுற்றிலும் சுவர் கட்டி, பேவர் பிளாக் பதித்து, ஸ்டீல் கம்பி நட்டு, பர்கூர் கிரானைட்டில் படிக்கட்டும் கட்டியது. கரை என்று ஒன்று இல்லாமல் போய் ஏரி பெரிய தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆனது. கடைசியில் யாரோ, ஏரி என்றால் மீன் இருக்குமே என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் மீன் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

இன்டர்வியூ எடுத்தவர் பிரதாப். தர்மபுரிக்காரர், ஆள் எடுப்பது, ஆள் நிறுத்துவது, கேன்டீன் சாம்பார், ஊர்த் தொண்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் மேனேஜர். லிபியா கொடுவாக் குஞ்சின் கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது, அவ்வளவு நாளாக யாரும் கேட்காத கதை. பிரதாப் முழுதும் கேட்டார். கேட்டதில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சத்தத்துக்கு வரும்ங்கறீங்க?"

"சத்தத்துக்கும் வரும் சார். வாசனை, உப்பு, நீரோட்டம்..."

"சத்தத்துக்கு வரும். சரிங்க மேடம், திங்கக்கெழம ஜாயின் பண்ணிக்கோங்க."

சேர்ந்த அன்றே லிபியா ஏரியைச் சுற்றிப் பார்த்தாள். பேவர் பிளாக்கைப் பார்த்து வயிறு எரிந்தது. வடகிழக்கு மூலைக்கு வந்ததும்தான் மூச்சு வந்தது. அங்கே மட்டும் காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாதியில் கோரையும் சம்புப் புல்லும் இடுப்பு உயரத்துக்கு நின்றன. கணுக்கால் அளவு தண்ணீர், வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. கோரைத் தண்டுகளில் பச்சையாக வழுவழுப்புப் படிந்திருந்தது. அந்த வழுவழுப்பில்தான் குஞ்சு தின்கிற பூச்சி இருக்கும், அந்த நெருக்கத்துக்குள் பெரிய மீனும் நுழையாது, கொக்கின் அலகும் நுழையாது. ஆழமான ஏரி மீனுக்கு வீடு என்றால், இந்த மாதிரி மூலைதான் குஞ்சுக்குத் தொட்டில். மூலை போனால் எத்தனை குஞ்சு விட்டாலும் கொக்குக்குப் படையல்தான். அவள் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள், இந்த ஒரு மூலையை எவன் தலையால் தண்ணீர் குடித்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று.

விட்டுக்கொடுக்காமல் காப்பாற்ற அவள் செய்த முதல் காரியம்தான் எல்லா வினைக்கும் விதை. மூலைக்குக் கம்பி வேலி, குஞ்சு வளர்க்க வலை, தீவனம், இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு கோரிக்கை போட்டாள். தலைப்பு 'நர்சரி, சின்னேரி, ஃபிஷ்'. அந்தக் கம்ப்யூட்டர் தலைப்பை முழுதாகத் தின்று முடிக்கத் தெரியாத கம்ப்யூட்டர். பர்ச்சேஸ் பார்க்கும் அண்ணாதுரையின் திரையில் 'நர்சரி, சின்னேரி' என்று மட்டும் விழுந்தது.

அண்ணாதுரை சேலத்துக்காரர், வேலையில் சுத்தம். மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுத்தார். ஒரு நாள் காலை ஏரிக்கரையில் இரண்டு லாரி வந்து நின்றது. இறங்கியது ஒட்டு ரோஜா. சிவப்பு, மஞ்சள், இரண்டும் கலந்த ஒரு ஜாதி, எல்லாம் கறுப்புப் பையில்.

"இது என்ன சார்?" என்று கேட்டாள் லிபியா.

"நீங்க கேட்ட நர்சரிதாங்க மேடம். பாகலூர்ல நல்ல பார்ட்டி. ஒரு செடி வாடலிங்க பாருங்க."

"நான் கேட்டது மீன் நர்சரி. மீன்குஞ்சுக்கு."

அண்ணாதுரை அவளை ஒரு நிமிடம் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறாளா என்று அவருக்குச் சந்தேகம்.

"மீனுக்குப் போயி நர்சரி வைப்பாங்களாங்க? அப்புறம் அதுக்கு யூனிஃபார்ம் தைக்கணும், வேன் விடணும்."

குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்றவனும் இவரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். ஆனால் இவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதே வார்த்தையை டீக்கடையில் கேட்டிருந்தாலும், செக்யூரிட்டியிடம் கேட்டிருந்தாலும், அந்த ஊரில் ரோஜாதான் வந்து இறங்கியிருக்கும்.

விஷயம் பிரதாப்பிடம் போனது. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி யோசித்தார்.

"ரிட்டர்ன் போட்டா ஆடிட்ல கேள்வி வரும்ங்க மேடம். செடி வந்தது வந்துடுச்சு. நட்டுருவோம். மண்ணு தெரியற எடம் எங்க இருக்குது?"

மண் தெரிகிற இடம் ஏரியைச் சுற்றி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சார், கோரையில கை வைக்காதீங்க. குஞ்சு அங்கதான் வளரணும். அத எடுத்துட்டு நீங்க மீன் விடுறதும் விடாததும் ஒண்ணுதான்."

"புதரு மாதிரி கெடக்குதுங்க மேடம். பாம்பு வரும். ரோஜா வச்சு, ஒரு ஆர்ச் வச்சு, செல்ஃபி பாயிண்ட்டுனு போட்டோம்னு வச்சுக்கங்க..."

"நான் சொல்லுதது உங்களுக்குப் புரியலையா சார்? குஞ்சு செத்துரும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பிரதாப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் நல்லது செய்து எல்லோரையும் ஒழிக்கும் ரகம்.

"ஒண்ணு பண்ணுவோம்ங்க மேடம். அடுத்த மாசம் பெங்களூருலருந்து சேர்மன் வர்றாரு, ஏரியத் தொறந்து வைக்க. அவரு படியில நின்னு கைய நீட்டுனா மீனு வரணும். கூட்டமா வரணும், போட்டோவுல தெரியணும். நீங்கதான் சத்தத்துக்கு வரும்னீங்களே. வந்துச்சுன்னா கோரைய நான் தொடல. ரோஜாவ மெயின் கேட் பக்கம் தொட்டியில வச்சுக்கறேன். வரலீன்னா என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

லிபியா அன்று முழுக்க இதை மென்றுகொண்டே இருந்தாள். குஞ்சைத் தண்ணீரில் விட்டால் அது நேராகக் கோரைக்குள் ஓடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதாவது அவள் படித்தது அத்தனையும் உண்மை என்று நிரூபணமாகும், கோரை போய்விடும். கோரை நிலைக்க வேண்டுமென்றால் குஞ்சு கோரையை விட்டுவிட்டு, வெறும் கிரானைட் படிக்கு, வெட்ட வெளிச்சத்தில், கொக்கு பார்க்க, மனிதன் கைக்கு வர வேண்டும். மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று பழமொழி கேட்கிறது. வேண்டும், பிரதாப் மாதிரி ஒரு மேனேஜர் இருந்தால் வேண்டும்.

கிருஷ்ணகிரி அணைப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ரோகும் கட்லாவும் பிளாஸ்டிக் பையில் வந்தன. கொடுவா இல்லை, இது கெண்டைச் சாதி, கடலைக் கண்டதில்லை. ஆனாலும் குஞ்சு குஞ்சுதான், மறைவைத் தேடுவதில் எல்லாம் ஒன்று. கோரைக்குள் கொசுவலைத் துணியில் தொட்டி மாதிரி நாலு குச்சியில் கட்டி, அதற்குள் விட்டாள்.

சத்தம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது சைரன் ஊதும். ஏரித் தண்ணீர் மேல் அது உருண்டு போவதைக் கரையில் நின்றால் காலில்கூட உணரலாம். சைரன் ஊதும்போதெல்லாம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து போட்டாள். அவள் இல்லாத நேரத்தில் போட ஏரிக் காவலுக்கு இருந்த முனிவேலைப் பிடித்துக்கொண்டாள். வேப்பனப்பள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், திட்டுவதற்குக் கன்னடம்.

"நமக்கே சைரன் ஊதுனா சாப்பாடு இல்ல மேடம், வேலதான்," என்றான் முனிவேல். "இதுங்களுக்கு யோகம் பாருங்க."

கொஞ்ச நாளில் சைரன் ஊதினாலே வலைக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஆனது. பிறகு வலையைப் பிரித்துவிட்டாள். குஞ்சுகள் கோரைக்குள் பரவின. சைரன் ஊதும்போது தீவனத்தை மூலையில் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. கடைசியில் கிரானைட் படியில் வந்து நின்றாள். நாளெல்லாம் கோரையில் மேய்கிற குஞ்சுகள், சைரன் கேட்டதும் வெளியே வந்து, சுவரை ஒட்டி வரிசையாக நீந்தி, படிக்கு வந்தன. விரலளவு வளர்ந்திருந்தன. வருகிற வழியில் மறைவுக்கு ஒரு புல் கிடையாது. காதுக்குள் கல் வளர்ந்தது இதற்கா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு இன்னொரு பிடி தவிட்டை இறைத்தாள்.

வெஸ்லினிடம் பெருமையாகச் சொன்னாள். அவன் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, நானும்தான் சைரனுக்கு ஓடுதேன். நாலு வருசமாச்சு. எனக்கு எவன் விழா எடுத்தான்?"

"கோரை நின்னுரும்ல. அதுக்குத்தான்."

"நிக்கட்டும் நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

விழா நாள் வந்தது. படிக்கட்டில் கம்பளம், மேலே பந்தல், வாசலில் வாழைமரம். ரோஜாச் செடிகளைப் பையோடு தூக்கி வந்து மேடைக்கு முன்னால் அடுக்கியிருந்தார் அண்ணாதுரை. பார்த்தவர்கள் எல்லோரும், நர்சரி பிரமாதம் என்றார்கள். அவர் லிபியா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

சேர்மன் வந்தார். பித்தளைக் குடத்திலிருந்து கொஞ்சம் குஞ்சுகளை ஏரியில் ஊற்றினார். ஊற்றிய மாத்திரத்தில் அவை காணாமல் போயின. சேர்மன் கையை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். போட்டோகிராபர் முழங்கால் போட்டுக் காத்திருந்தார். தண்ணீர் சும்மா இருந்தது. பிரதாப் லிபியாவைப் பார்த்தார். லிபியா முனிவேலைப் பார்த்தாள். முனிவேல் வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னான்.

ஷிப்டும் இல்லாத, சாப்பாட்டு நேரமும் இல்லாத வேளையில் சைரன் ஊதியது.

கோரையிலிருந்து ஒரு நிழல் கிளம்பியது. சுவரை ஒட்டி நீண்டு, கறுப்பாக, படியை நோக்கி வந்தது. வந்த குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேர்மனின் விரல்களை முட்டின. சேர்மன் சிரித்தார். கூட்டம் கை தட்டியது. அதே நேரம் கம்பெனிப் பக்கக் கதவு திறந்து, காண்ட்ராக்ட் ஆட்கள் டிபன் பாக்ஸோடு சாரி சாரியாக வெளியே வந்தார்கள். பிரதாப் ஓடிப்போய், இன்னும் நேரமாகவில்லை, உள்ளே போங்கள் என்று இரண்டு கையாலும் விரட்டினார். அவர்கள் திரும்பிப் போனார்கள். போட்டோவில் மீனும் அவர்களும் சேர்ந்தே விழுந்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்வி.

"இதுக்கு சயின்ஸ் என்னம்மா?" என்று சேர்மன் கேட்டார். யாரோ லிபியா கையில் மைக்கைத் திணித்தார்கள்.

இந்த இடத்தில் அவள் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். 'சார், தீவனம் போட்டுப் பழக்கினேன், இதுகள் வாழ்வது கோரையில்' என்று. ஆனால் படித்து முடித்த நாளிலிருந்து அவள் பாடத்தை அவளிடம் மைக் கொடுத்து யாரும் கேட்டதில்லை. அவள் காதுக்கல்லைப் பற்றிச் சொன்னாள். இருட்டுத் தண்ணீரில் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று சொன்னாள். கண் திறந்ததும் கரையைத் தேடிப் போகும் கொடுவாக் குஞ்சைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். தவிட்டுக்கு அந்தப் பேச்சில் இடம் கிடைக்கவில்லை. பேசி முடித்தபோது அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

சேர்மன் நன்றாகக் கேட்டார். கேட்டதை வைத்து யோசிக்கவும் செய்தார், அதுதான் ஆபத்து.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. மீனுக்கே தெரியுது, எது நல்ல எடம்னு. எல்லாம் நம்ம ஸ்டெப்ஸ்கிட்டதான் வருது. அந்தப் புதர்லருந்து தப்பிச்சு ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்தப் புதரு ஏன் வேணும்? ரோஸ் ப்ளான்ட் இவ்ளோ வச்சிருக்கீங்க, அங்க போடுங்க."

கூட்டம் மறுபடி கை தட்டியது. லிபியாவின் கையிலிருந்த மைக்கை யாரோ ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பிரதாப்பைப் பிடித்தாள்.

"சார், நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"இப்பவும் சொல்றேன்ங்க மேடம், நான் தொடல. சேர்மன் தொடச் சொன்னாரு. அவரு சொன்னத நான் எப்புடிங்க வேண்டாங்கறது?"

"அது தானா வரல சார். நான் தீவனம் போட்டுப் பழக்குனேன். ஏமாத்து வேல. நான் போயிச் சேர்மன்ட்ட சொல்லிருதேன்."

பிரதாப் ஒரு வடையை முழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அட, பழக்குனீங்களா? நான் தானா வந்துச்சுன்னுல்ல நெனச்சேன். மீனுக்கு டிரெய்னிங் குடுத்துருக்கீங்க. நம்ம ஆப்பரேட்டருங்களுக்கு ஆறு மாசம் குடுத்தும் ஒருத்தனும் டைமுக்கு வர்றதில்ல. இத நான் மேல எழுதறேன்ங்க மேடம்."

எழுதவும் எழுதினார். அடுத்த வாரம் கேன்டீனில் வைத்து லிபியாவுக்குச் 'சிறந்த பயிற்சியாளர்' என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். அழுதால் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைப்பார்கள் என்பதால் அழவில்லை.

அதற்குள் ஜே.சி.பி. வந்துவிட்டுப் போயிருந்தது. கோரையையும் சம்பையும் வேரோடு வாரி லாரியில் ஏற்றியது. வாரிய சேற்றில் குஞ்சுகள் துள்ளின. லிபியா முழங்கால் வரை இறங்கி, துப்பட்டாவில் அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு பீடி பற்ற வைத்தான், பிறகு மறுபடி ஸ்டார்ட் பண்ணினான். செம்மண் கொட்டி, ரோஜா நட்டு, இரும்பு வளைவு வைத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்குக்கு மாலையும் போட்டாகிவிட்டது.

குஞ்சுகளுக்குப் போக்கிடம் இல்லை. சுவரை ஒட்டி ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தன, எங்கேயாவது தண்டோ நிழலோ தட்டுப்படுமா என்று. சுவரில் ஒன்றும் தட்டுப்படாது, அதற்காகத்தான் சுவர் கட்டியது. சைரன் ஊதினால் மட்டும் அவற்றுக்குப் போக வேண்டிய இடம் தெளிவாகத் தெரிந்தது.

தெரிந்துகொண்டது அவை மட்டும் அல்ல. முதலில் ஒரு நீர்க்காகம் வந்து படிக்கட்டுக் கைப்பிடியில் உட்கார்ந்தது. அப்புறம் ஏழெட்டு. பிறகு கொக்குகள். சைரனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து இடம் பிடித்துக்கொள்ளும். எந்தக் காலேஜிலும் படிக்காமல், தவிடும் செலவில்லாமல், லிபியாவைவிடச் சீக்கிரம் பாடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு ஷிப்டுக்கும் படியில் விருந்து நடந்தது.

லிபியா தீவனத்தை நிறுத்திப் பார்த்தாள். சாப்பாடு இல்லையென்றால் மறந்துவிடும் என்று கணக்கு. ஆனால் செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் சைரன் நேரம் பார்த்தே வந்தார்கள், கையில் பொரிப் பொட்டலத்தோடு. மீன் துள்ளுவது, கொக்கு கொத்துவது, பின்னால் ரோஜா வளைவு, எல்லாம் ஒரே வீடியோவில் வந்துவிடும். மறக்க விடுவார்களா. பிரதாப்பிடம் போய், கொஞ்ச நாளைக்குச் சைரனை மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறீர்களா மேடம் என்று அக்கறையாக விசாரித்தார். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லீவு எடுத்தாள். எடுத்துவிட்டு ஏரிக்கு வந்தாள். ரோஜாப் பாத்தியிலிருந்து கூழாங்கற்களாகப் பொறுக்கித் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு படியில் நின்றாள். சைரன் என்றால் சோறு என்று கற்றுக்கொடுத்தவள் அவள். சைரன் என்றால் அடி என்று அவளே கற்றுக்கொடுத்தால், அதுகள் அஞ்சி ஓடி எங்கேயாவது ஆழத்தில் கிடந்து பிழைத்துப் போகும். கொல்வதற்கல்ல, விரட்டுவதற்கு.

சைரன் ஊதியது. நிழல் சுவரை ஒட்டி வந்தது. முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. கிட்டே வரட்டும் என்று பொறுத்திருந்து முதல் கல்லை எறிந்தாள். இரண்டாவதை எறிந்தாள்.

முனிவேல் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

"மேடம், என்ன மேடம் இது. மீனுக்குக் கல்லு எறியக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கல்ல. கேமராவுல தெரியும். நீங்களே இப்டி பண்ணா நான் யார எப்டிக் கேக்கறது?"

"போர்டு எழுதுனதே நான்தான் முனிவேல். விடு."

மூன்றாவது கல்லைக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து எடுத்து, கூட்டத்தின் நடுவில் போட்டாள். 'தொப்' என்று விழுந்தது. குஞ்சுகள் ஒரு நொடி சிதறின. போங்கள், போய்விடுங்கள் என்று வாய்க்குள் சொன்னாள்.

தண்ணீரில் ஏதோ விழுந்தால் அது சோறுதான் என்று அவற்றுக்குத் தெரியும். கல் விழுந்த வட்டம் விரிந்து முடிவதற்குள் நாலா பக்கத்திலிருந்தும் திரும்பி வந்து, கல் விழுந்த இடத்திலேயே கூடி, அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. கைப்பிடியிலிருந்த நீர்க்காகம் ஒன்று தண்ணீரில் இறங்கியது.